ஒரு ஜாண் கழிவு

அத்தானின் வலது காலுக்கு, முழங்காலுக்குக் கீழே, மரக்கடைக்காரர் போட்ட விலை அறுபதாயிரம். முப்பதில்தான் ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வராண்டாவில், பினாயில் வாடைக்கு நடுவே, ஆளுக்கொரு காகிதக் கப்பில் டீயை வைத்துக்கொண்டு பேரம் நடந்தது. அக்கா ஒன்றரை லட்சத்தில் நின்றாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முப்பத்தைந்து என்றார். அவள் எழுந்துபோய் வார்டுக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே கட்டிலில் போர்வை ஒரு பக்கம் கடைசிவரை மேடாகவும், இன்னொரு பக்கம் பாதியிலேயே பள்ளமாகவும் கிடந்தது. அந்தப் பள்ளம் விலையை ஐம்பதுக்கு ஏற்றியது. "மொழங்காலாவது தப்பிச்சுதே, அதை நெனச்சு ஆறுதல் பட்டுக்கம்மா" என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட, அவள் பார்த்த பார்வையில் இன்னொரு பத்து ஏறியது. மருந்துக்கென்று முன்பே கொடுத்திருந்த எட்டாயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதியை எண்ணி வைத்தார். காலை மட்டும் தன் கணக்கில் எடுத்துப் போகவில்லை. அந்த மட்டில் நியாயஸ்தர்.

இத்தனை பேரத்துக்கும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தவன் அக்காவின் தம்பி. மரம் வெட்டும்போது அத்தானின் கால் போன அன்றைக்கு மிஷின் ரம்பத்தைப் பிடித்திருந்தவன் அவன்தான். ஊரில் அவனுக்கு ரம்பக்காரன் என்றே பெயர். அம்மா இறந்த பிறகு அவனுக்குச் சோறு போட்டு, சட்டை தைத்து, கடைசியில் தன் புருஷனிடமே தொழில் பழக அனுப்பி வைத்தவள் அக்கா. அதனால் யார் வந்து விசாரித்தாலும் அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்: "மரம் கெட்ட மரங்க. உள்ளுக்குள்ள வெடிப்பு இருந்திருக்கு. என் தம்பி என்ன பண்ணுவான், பாவம்."

அந்தப் 'பாவம்' விழும்போதெல்லாம் ரம்பக்காரன் தன் செருப்பைப் பார்ப்பான். அத்தான் கூரையைப் பார்ப்பார்.

கூரையில் பார்க்க விஷயம் இருந்தது. கால் விலையில் கடனெல்லாம் போக மிஞ்சியதில், பின்னறைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். அக்கா அங்கேதான் இஸ்திரி மேசை போட்டு ஊர்த் துணிக்கெல்லாம் பெட்டி தேய்க்கிறாள். பழைய கூரை ஒழுகி, அடுத்தவன் வெள்ளைச் சட்டையில் துருக்கறை விழுந்து, எத்தனையோ தடவை ஏச்சு வாங்கியவள். மழை வந்து தகரம் படபடக்கும்போது அத்தான், "கேக்குதா? என் கால்தான் மேல ஓடுது" என்பார். முதல் தடவை அக்கா அழுதாள். பத்தாவது தடவை, "ஓடட்டும், கீழ இருந்தப்பவும் வீட்டுல எங்க தங்குச்சு" என்றாள்.

அத்தான் இப்போது வாசலில் நாற்காலி போட்டு, மற்ற ரம்பக்காரர்களின் செயினுக்குப் பல் தீட்டித் தருகிறார். மடியில் ஒரு கோணித்துண்டு, கையில் வட்ட அரம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே அளவு இழுப்பு. ரம்பக்காரன் மட்டும் செயின் கொண்டுவருவதில்லை. அவன் மிஷினைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, மரக்கடையில் தடி உருட்டும் வேலைக்குப் போய்விட்டான்.

உருட்டுகிற வேலைதான் என்று மரக்கடைக்காரர் நினைத்தார். ஆள் இல்லாத நேரத்தில் ரம்பக்காரன் விறகுக்கென்று ஒதுக்கிய கட்டைகளை நிமிர்த்தி வைத்து, ஒவ்வொன்றிலும் கைரம்பத்தால் வாய் வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் என்பது மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் வெட்டி எடுக்கிற முக்கோணப் பள்ளம். மேலிருந்து சரிவாக ஒரு வெட்டு, கீழே படுக்கையாக ஒரு வெட்டு, இரண்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தாண்டினால் மரத்தின் பிடி போச்சு. மரக்கடைக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏன்டா, அடுப்புல போற கட்டைக்கு எதுக்கு இந்த அலங்காரம்? கல்யாணமா பண்ணப்போற?" என்றார். ரம்பக்காரன் சிரித்து மழுப்பினான்.

விபத்து நடந்த வாய்க்கால் கரைக்கும் அவன் போய்வருவதுண்டு. அங்கே அன்றைக்கு வெட்டிய மகோகனியின் அடிமரம் இன்னும் நிற்கிறது. வெட்டின அடிமரம் மேசை மாதிரி இருக்க வேண்டும். இது முதுகு வைத்த நாற்காலி மாதிரி இருந்தது. ஒரு பக்கம் வெட்டு, மறுபக்கம் ஆள் உயரத்துக்குப் பிளந்து நிற்கும் சிம்பு. முன்பக்கம் வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல். நகத்தால் கிழித்த மாதிரி.

தீபாவளிக்கணக்கு மாதிரி வருஷத்துக்கொரு தடவை பார்த்து மறந்துவிடுகிற கணக்கல்ல அது. அவன் அதைக் கண்ணை மூடினாலும் படித்தான்.

*

மழைக்காலம் முடியப்போகிற சமயத்தில் ஒரு காற்று அடித்தது. விடிந்து பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் நின்ற மகோகனி வேர்ப்பக்கம் மண் பிளந்து, பின்னறைத் தகரத்தின் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

அத்தான் ஊன்றுகோலில் தொத்திக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தார். "மறுபடியும் என் காலைத்தான் குறி வச்சிருக்கு."

"விளையாட்டுப் பேச்சுப் பேசாதீங்க. உள்ள ஊராந்துணி கெடக்கு" என்றாள் அக்கா.

மரக்கடைக்காரர் அன்றைக்கே வந்து மரத்தைத் தட்டிப் பார்த்து, அடி அளந்து பணம் தருவதாகப் பேசிவிட்டுப் போனார். வெட்டுக்கூலி அக்காவின் பாடு. அவர் அனுப்பிய வெட்டுக்காரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"நாலாயிரம் ஆகும்க்கா. காலி மனைப்பக்கம் ஒரு கயித்தைக் கட்டிட்டு, பின்னாலேருந்து ஒரே அறுப்பு. அரை மணி நேர வேலை."

"வாய் வைக்க மாட்டியா?" என்று ரம்பக்காரன் கேட்டான். கேட்ட பிறகுதான் அக்கா பக்கத்தில் நிற்பது உறைத்தது.

"எதுக்கு? ஒரு ஜாண் மரம் போகும். முதலாளி கழிப்பாரு, அக்காவுக்குத்தானே நஷ்டம்?" என்று வெட்டுக்காரன் நல்லபிள்ளை மாதிரி சொன்னான்.

ரம்பக்காரன் மரத்தை அண்ணாந்து பார்த்தான். பக்கவாட்டில் சாய்ந்த மரம், இளகின வேர், வாய் இல்லாத வெட்டு. மரம் பிளக்கும், அல்லது திரும்பும். திரும்பினால் தகரம், மேசை, அதற்குள் யார் இருந்தாலும் சரி. இவனை வெட்டவிட்டால் வீடு போகும். தானே முறையாக வெட்டினால் அக்கா கூடவே நிற்பாள். வாய் என்றால் என்ன, எவ்வளவு பெரிது, எதற்கு என்றெல்லாம் கண்ணால் பார்ப்பாள். பார்த்தால் கேட்பாள். அவள் கேள்வி கேட்டு ஒருத்தரும் தப்பித்ததில்லை, அறுபதாயிரமே சாட்சி.

"நான் வெட்டுறேங்க்கா" என்றான்.

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். "மிஷினைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுன."

"பண்ணுனேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. அதான் நான் வெட்டுறேங்கிறேன்."

*

கிளை கழிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. கைரம்பத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஏணி வைத்து ஏறி, வீட்டுப் பக்கத்துக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி அறுத்து, மெதுவாக இறக்கினான். வானம் ஈரத்துணி மாதிரி தொங்கியது. பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. அக்கா நடுவே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, டீயும் ரொட்டியும் கொடுத்துவிட்டுப் போனாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி உத்தியோகம் பார்த்தார்.

"மச்சான், அந்தக் கிளையை மேலேருந்து அறுக்காத. பாரம் கீழ இழுக்குது, பிளந்துக்கிட்டு வரும். அடியில ஒரு கீறு போட்டுட்டு மேல வா."

"தெரியும் அத்தான்."

"தெரிஞ்சுதான் என்னை இப்படி உக்கார வச்சிருக்க."

இந்த மாதிரி பேச்சு அவர்களுக்குள் சகஜம். மூன்றாம் மனிதர் கேட்டால் மச்சான்கள் கேலி என்று நினைப்பார்கள். அதில் பாதி கேலி. மீதிப் பாதியை இருவரும் எட்டு மாதமாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கிளையில்லாத மரம் கைநாட்டு வைக்கிற விரல் மாதிரி நின்றது. வீட்டுப் பக்கம் திரும்பிவிடாமல் ஒரு கயிற்றை எதிர்ப்பக்கத்து மரத்தடியில் இழுத்துக் கட்டினான். இன்னொரு கயிற்றைப் பக்கத்துக் காலி மனையில், யாரோ வீடு கட்ட ஆரம்பித்துக் காசு தீர்ந்து விட்டுவிட்ட கான்கிரீட் தூணைச் சுற்றித் திருப்பி, சங்கிலிக் கப்பியில் மாட்டினான். சங்கிலியை இழுக்க இழுக்க கயிறு விறைக்கும், மரம் மனைப் பக்கம் வரும். பிறகு தனக்குப் பின்னால், மரத்துக்குக் கோணலாக, ஓடுவதற்கு ஒரு வழி ஒழுங்கு பண்ணினான். செங்கல், துணி துவைக்கிற கல், உடைந்த வாளி, எல்லாவற்றையும் அகற்றினான். இரண்டு தடவை பின்னோக்கி நடந்து பார்த்தான்.

"என்னடா, டான்ஸ் பழகுற?" என்றார் அத்தான்.

"ஓடுற வழி அத்தான்."

"அன்னைக்கு எனக்கொரு வழி பண்ணியிருக்கலாம்."

ரம்பக்காரன் போய், அத்தானை நாற்காலியோடு தூக்கி, மரத்தின் நீளத்தைப் போல இரண்டு பங்கு தூரத்துக்கு நகர்த்தி வைத்தான்.

"டேய், இங்கேருந்து எனக்கு மரமே தெரியல."

"மரத்துக்கும் நீங்க தெரியக்கூடாது."

சங்கிலி இழுக்கச் சொல்லியிருந்த சுமைக்காரர் வரவில்லை. தூறலில் யார் வருவார்கள்? ரம்பக்காரன் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான். மேகம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

அக்கா சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள். "நான் இழுக்கிறேன்."

"வேணாங்க்கா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்குவரைக்கும் இது நிக்கும்னு எழுதிக் குடுக்கிறியா? துவைச்ச துணி பத்து வாளி தூக்குறவ, இந்தச் சங்கிலியா பெருசு? எங்க நிக்கணும், அதைச் சொல்லு."

எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் வினை. இழுக்கிற ஆள்மேல் மரம் விழக்கூடாது, அறுந்தால் கயிறும் அடிக்கக்கூடாது. அப்படிப் பார்த்தால் ஒரே இடம்தான்: மனையின் ஓரம், அரைகுறையாக நின்ற சுவருக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து மரத்தின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி தெரியும். ரம்பக்காரன் வேறு இடம் தேடினான். மனதால் இரண்டு அடி பின்னே, நான்கு அடி தள்ளி என்றெல்லாம் நகர்த்திப் பார்த்தான். எல்லா இடத்திலும் கயிறு அவள் கழுத்துக்கு நேரே வந்தது.

"அந்தச் சுவருக்குப் பின்னால நில்லுங்க" என்றான் கடைசியில்.

அத்தான் காலையில்தான் செயினைத் தீட்டிக் கொடுத்திருந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் செயினுக்கு அவர் கை. "சவரக்கத்தி கெட்டுது போ. நீ அழுத்தாத, அதுவே போகும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவன் ஹெல்மெட்டை மாட்டி, மிஷினைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு, பிரேக்கைப் போட்டு அதன் ஸ்டார்ட் கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் மிஷின் கத்தியது. தூரத்தில் அத்தானின் கை, தன்னையறியாமல் இல்லாத காலைத் தடவியதை அவன் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

சரிவு வெட்டு முதலில். மரத்தூள் சிவப்பாக, ஈரமாக, பூட்ஸ்மேல் கொட்டியது. பிறகு படுக்கை வெட்டு. மெதுவாக, குனிந்து பார்த்து, நிறுத்தி, மறுபடி பார்த்து, இரண்டு கோடும் ஒன்றைப் பார்த்து ஒன்று வந்து சேர்ந்தன. மிஷினை அணைத்துவிட்டு, கோடரியின் பின்பக்கத்தால் தட்டினான். தர்பூசணிக் கீற்று மாதிரி ஒரு துண்டு கழன்று தரையில் விழுந்து, உருண்டு, சுவரோரம் போய் நின்றது.

மரத்தின் முன்னால் ஒரு வாய் திறந்திருந்தது. நல்ல சுத்தமான வாய். நிற்கிற மரத்தில் ரம்பக்காரன் தன் வாழ்க்கையில் வெட்டிய முதல் ஒழுங்கான வாய் அது.

அக்கா சங்கிலியை விட்டுவிட்டு வந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். கப்பி பிடித்துக்கொண்டது. கயிறு அசையவில்லை.

"இது எதுக்கு?"

"மரம் மடங்குறதுக்குக்கா. இந்தப் பள்ளம் இருந்தாத்தான் முன்னால சாயும். இல்லன்னா சாய இடம் இல்லாம நடுவுல பிளந்து, பின்பக்கம் எகிறி..."

பாதியில் நிறுத்தினான். நிறுத்தியது தப்பு. முழுதாகச் சொல்லியிருந்தால் பாடம் மாதிரி போயிருக்கும். பாதியில் நின்றதால் மீதியை அவளே சொன்னாள்.

"எகிறி, பின்னால நிக்கிறவன் மேல விழும்."

தூறல் தகரத்தில் பொரிந்தது.

"அன்னைக்கு இந்தத் துண்டு எங்கடா?"

அவன் கோடரியைத் தரையில் வைத்தான்.

"வாய்க்கால் கரைக்கு நான் வந்தேனே. ரத்தம் இருந்துச்சு, சிம்பு இருந்துச்சு, உன் மிஷின் கெடந்துச்சு. இந்த மாதிரி ஒரு துண்டு இல்லையே. தம்பி, உன்னைத்தான் கேக்குறேன்."

"வெட்டலைக்கா."

"ஏன்?"

"அது தடிக்குள்ளயே போச்சு" என்று தூரத்திலிருந்து அத்தானின் குரல் வந்தது. ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்றிருந்தார். "வாய் வச்சா ஒரு ஜாண் கழிப்பாங்க. வைக்காட்டி முழுத்தடி. எல்லாரும் அப்படித்தான் வெட்டுறான். நானும்தான் கீறல் போதும்டான்னு சொன்னேன். அவனை மட்டும் கேக்காத."

"நீங்களுமா?" அக்காவின் குரல் உயரவில்லை. அதுதான் ரம்பக்காரனுக்கு அதிகம் பயமாக இருந்தது. "எட்டு மாசமா மரம் கெட்ட மரம், மரம் கெட்ட மரம்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன். ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"சொல்லி என்ன ஆகும்? கால் முளைக்குமா?"

"முளைக்காது. நான் பைத்தியக்காரி ஆகாமயாவது இருந்திருப்பேன். ஒரு ஜாண்! ஒரு ஜாணுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும்? கோட்டையா கட்டப்போறீங்க?"

"கோட்டை இல்லடி, தகரம்" என்றார் அத்தான். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் எட்டு மாதம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தீட்டின வார்த்தை, வழி கிடைத்ததும் வந்துவிட்டது. "ஒழுகுது ஒழுகுதுன்னு தினமும் என் தலையில நீ இடிச்சியே, அந்தத் தகரம். பத்து மரத்துல மிச்சம் பிடிச்சா ஒரு தகரம்னு கணக்குப் போட்டோம்."

"அத்தான்!" என்று ரம்பக்காரன் கத்தினான்.

அக்கா திரும்பித் தகரத்தைப் பார்த்தாள். தூறல் நனைத்து அது பளபளத்தது. கையிலிருந்த துண்டை மார்போடு வைத்துக்கொண்டு, தூக்கிப்போடவும் தெரியாமல் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றாள்.

காற்று ஒரு தடவை வந்து போனது. வேர்ப்பக்கத்து மண்ணில் இருந்த வெடிப்பு மெல்ல வாயை மூடித் திறந்தது. ரம்பக்காரன் அதைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, என்னை அப்புறம் திட்டுங்க. அடிங்க. வாய் வெட்டின மரம் காத்துக்கு நிக்காது. இப்பவே இறக்கணும். சங்கிலிக்குப் போங்க."

அவள் அசையவில்லை.

"நீங்க இழுக்கலைன்னா இது வீட்டு மேலதான் வரும்க்கா."

"உன்னை நம்பியா இழுக்கணும்?"

அவன் மரத்தின் பக்கம் கைகாட்டினான். "என்னை நம்ப வேணாம். அந்த வாயைப் பாருங்க. அது மூடிட்டே வந்தா மரம் சரியாப் போகுது. மூடாம மேல வெடிக்கிற மாதிரி சத்தம் கேட்டா, சங்கிலியைப் போட்டுட்டு ஓடிடுங்க. எனக்காக நிக்காதீங்க."

அவள் துண்டைச் சுவர்மேல் வைத்துவிட்டு, சங்கிலியைக் கையில் எடுத்தாள்.

பின்வெட்டை அவன் வாயின் தரையைவிட இரண்டு விரல் உயரத்தில் ஆரம்பித்தான். முழுதாக அறுக்கக்கூடாது. நடுவில் ஒரு பட்டை மரத்தை விட்டுவைக்க வேண்டும். அதுதான் கதவுக்குக் கீல் மாதிரி மரத்தைப் பிடித்து மடக்கும். வீட்டுக்கு எதிர்ப்பக்கம் அந்தப் பட்டையைக் கொஞ்சம் அகலமாக விட்டான், இழுத்துப் பிடிக்க. பாதி போனதும் நிறுத்தி, வெட்டுக்குள் ஆப்பு வைத்து அடித்தான். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் அக்காவின் பக்கம் பார்த்தான்.

"இழுங்கக்கா. போதும். நிறுத்துங்க."

அவள் இழுத்தாள். நிறுத்தினாள். கண் மரத்தின் வாயிலேயே இருந்தது. கூட வேலை செய்கிறவர்களுக்கு நடுவே வழக்கமாக ஓடுகிற அந்த 'ம்', 'சரி', 'ஆச்சா' எதுவும் இல்லை. சங்கிலி மட்டும் கடகடவென்று பேசியது.

மறுபடி மிஷின். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். உச்சி நடுங்கியது. மிஷினை வெளியே இழுத்து, பிரேக்கைப் போட்டு, "வருது!" என்று கத்திக்கொண்டு, ஒழுங்குபண்ணி வைத்த கோணல் வழியில் பின்வாங்கினான். மரம் யோசிக்கிற மாதிரி ஒரு நொடி நின்றது. பிறகு வாய் மெல்ல மூடியது. சோம்பலாக, மரியாதையாக, மனையின் நடுவில் போய்ப் படுத்தது. தரை ஒரு தடவை குலுங்கியது. தகரம் ஒன்றும் அசையவில்லை.

ரம்பக்காரன் மேலே பார்த்தான், தொங்குகிற கிளை ஏதும் இருக்கிறதா என்று. பிறகுதான் முன்னால் வந்தான். அடிமரம் மேசை மாதிரி இருந்தது. நடுவில் ஒரு வரி பிய்ந்த நார். அதன்மேல் கை வைத்தான். இப்படித்தான் என்று அந்த மரம் சொன்னது. அன்றைக்கும் இவ்வளவுதான் வேலை.

"நல்ல வெட்டு மச்சான்" என்றார் அத்தான், தூரத்திலிருந்து, யாரிடமோ சொல்வது மாதிரி.

*

சாப்பாட்டு நேரத்துக்கு மரக்கடைக்காரர் குடையோடு வந்தார். மரம் விழுந்த அழகைப் பார்த்து, "கோடு போட்ட மாதிரி கெடக்கே" என்று பாராட்டினார். பாராட்டு இலவசம் என்பதால் தாராளமாகச் செய்தார். பிறகு டேப்பை எடுத்தார்.

அடிப்பக்கத்தில், வாய் வெட்டிய சரிவு முடிகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். "இது கழிவு. ஒரு ஜாண்."

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே சோறு வடித்து வைத்திருந்தாள், யாரையும் கூப்பிடவில்லை. "அந்த ஒரு ஜாணுக்கு எவ்வளவு கழிக்கிறீங்கண்ணே?"

அவர் செல்போனில் தட்டினார். "அறுநூத்தி எண்பது. ஏம்மா, பேரமா? உனக்காக வேணா அறுநூத்தம்பதுன்னு வச்சுக்குவோம்."

"பேரம் இல்லண்ணே. தெரிஞ்சுக்கணும். எல்லார் மரத்துக்கும் கழிப்பீங்களா?"

"வாய் வச்சா கழிப்பேன். வைக்காட்டிக் கழிக்க என்ன இருக்கு? என் ஆளுங்க யாரும் வைக்கிறதில்ல. வைக்காதேன்னு நான் ஒருத்தன்கிட்டயும் சொன்னது கெடையாது. உள்ளதை அளக்கிறேன், அவ்வளவுதான்." அவர் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "இவன் ஒருத்தன்தான் இப்பப் புதுசா ஆரம்பிச்சிருக்கான்."

"வெட்டுறவங்களுக்கு அந்த ஒரு ஜாணுல என்ன வரும்?"

அவர் ரம்பக்காரனைப் பார்த்தார். ரம்பக்காரன் அத்தானைப் பார்த்தான். அத்தான், இந்தத் தடவை கூரையைப் பார்க்காமல், பதில் சொன்னார். "தடி அளவுக்குத்தான் கூலி. எழுபது வரும். ரெண்டு பேருக்கும் சேத்து."

"ஆளுக்கு முப்பத்தஞ்சு" என்றாள் அக்கா.

மரக்கடைக்காரர் சூழ்நிலை சரியில்லை என்று மோப்பம் பிடித்துவிட்டார். அந்த மூக்கு இல்லாமல் கடை நடத்த முடியாது. பணத்தை எண்ணிக் கொடுத்து, லாரி சாயங்காலம் வரும் என்று சொல்லிவிட்டு, டீயைக்கூட எதிர்பார்க்காமல் கிளம்பினார்.

அக்கா நோட்டுகளிலிருந்து நாலாயிரத்தைத் தனியாகப் பிரித்தாள். தம்பியின் முன்னால் நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"கூலி."

"எனக்கா? உங்க வீட்டுல வேலை செஞ்சதுக்கு எனக்குக் கூலியாக்கா?"

"வெளியாள் கேட்டது நாலாயிரம். அவனைவிட நல்லா வெட்டியிருக்க. வாங்கிக்க."

எட்டு வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது கம்மலைக் கழற்றி விற்றவள். அதை இன்றுவரை சொல்லிக்காட்டாதவள். அவள் கையிலிருந்து கூலி வாங்குவதைவிட, அந்த மரத்தின் அடியில் நின்றிருக்கலாம் என்று ரம்பக்காரனுக்குத் தோன்றியது. அவன் கை பின்னால் போனது. அவள் நீட்டிய கை அப்படியே இருந்தது. தூறல் நோட்டின்மேல் விழ ஆரம்பித்தது.

"நனையுது மச்சான், வாங்கிடு" என்றார் அத்தான் தாழ்ந்த குரலில்.

வாங்கினான்.

"திட்டிடுங்கக்கா. ஒரு வார்த்தை திட்டிடுங்க."

"சோறு வச்சிருக்கேன், சாப்பிட்டுப் போ" என்றாள். விருந்தாளியிடம் சொல்கிற குரல்.

அவள் சுவரண்டை போய் அந்த முக்கோணத் துண்டை எடுத்து வந்தாள். முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, பின்னறைக்குள் கொண்டுபோய், இஸ்திரி மேசைக்கு மேலே, தகரத்துக்குக் கீழே ஓடிய மரச்சட்டத்தில் வைத்தாள். ஒழுகாத இடம். அத்தான் வாசலிலிருந்து பார்த்தார்.

"அதை எதுக்குடி அங்க வைக்கிற? பச்சை மரம். அடுப்புக்கும் ஆகாது."

"காயட்டும்."

ரம்பக்காரன் வாசற்படியில் நின்றான். உள்ளே வருவதா, போவதா என்று கால் தீர்மானிக்கவில்லை. "நாளைக்கு வந்து கிளையெல்லாம் விறகாக் கழிச்சுத் தரட்டுமாக்கா?"

"வா. அதுக்கும் கூலி உண்டு."

அவள் இஸ்திரிப் பெட்டியில் கரியைத் தட்டி, ஊதி, யாருடையதோ வெள்ளைச் சட்டையை விரித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"மரக்கணக்கு இன்னையோட முடிஞ்சுது. வாய்க்கால் கரைக் கணக்கு முடியல. முப்பத்தஞ்சு உன் பேர்ல வச்சிருக்கேன், முப்பத்தஞ்சு அவர் பேர்ல வச்சிருக்கேன். அறுநூத்தி எண்பதுல மீதியை அந்தக் கடைக்காரர் பேர்ல எழுதியாச்சு. தகரத்தை என் பேர்ல எழுதிக்கிட்டேன்." பெட்டி சட்டையின்மேல் ஒரு தடவை போய் வந்தது. "எல்லாத்தையும் கூட்டிப் பாத்தேன். ஒரு காலுக்கு வரல. மிச்சம் நிக்குது."